பெரியம்மா வெளியே வந்த நேரம்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளன. வயது எழுபத்து நான்கு. கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்படி விலாசத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். சென்ற வாரம் வரை என் மனைவியும் என்னுடன் குடியிருந்தாள். தற்போது நானும் மூன்று நாய்களும் இருக்கிறோம்.

என் மனைவியின் தம்பி கொடுத்துள்ள புகார் தொடர்பாக ஆய்வாளர் அம்மா அவர்கள் என் வீட்டுக்கே வந்து, முன்னறையில் உட்கார்ந்து, எழுத்தரைக் கொண்டு இதைப் பதிவு செய்கிறார். என் மனைவி இறந்து கிடந்த நேரம் முழுவதும் நான் ஏன் அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை என்பதும், அவள் தூங்குகிறாள் என்று அவளுடைய தம்பியிடம் ஏன் சொன்னேன் என்பதும், அவர் எழுப்பப் போனபோது ஏன் தடுத்தேன் என்பதும் கேள்விகள். நான் பயந்த சுபாவம் உள்ளவன். குறுக்கே கேட்டால் முன்னுக்குப் பின் முரணாகப் பேசிவிடுவேன். ஆகையால் வரிசையாகச் சொல்லிவிட அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

நாய்கள் மூன்றும் பக் என்று சொல்லப்படும் வகை. உருவத்தில் சிறியவை, கறுத்த முகம், சப்பை மூக்கு, நெற்றியெல்லாம் மடிப்பு. பட்டன், பஞ்சு என்ற இரண்டும் குட்டியிலிருந்து எங்களிடம் வளர்ந்தவை. மூன்றாவது பெரியம்மா. இந்த இடத்தில் எழுத்தர் பேனாவை நிறுத்தி, "பெரியம்மாங்கறது யாரு சார்? அவங்களும் அன்னிக்கு வீட்ல இருந்தாங்களா?" என்று கேட்டார். நாய் என்றேன். "நாய்க்கா பெரியம்மான்னு பேரு?" என்றார். ஆம் என்றேன். பெயர் வைத்தவள் என் மனைவி.

பெரியம்மா நாங்கள் வாங்கியது அல்ல. குட்டி போடுவதற்கென்றே யாரோ கூண்டில் வைத்திருந்து, இனிப் பயனில்லை என்று ஆனதும் கழித்துவிட்ட நாய். கால்நடை மருத்துவர் எங்களிடம் கேட்டார். இரண்டு போதும் என்று நான் சொன்னேன். அதற்கு என் மனைவி அவர் முன்னாலேயே, "ஏற்கெனவே ஒரு கிழத்துக்குச் சோறு போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், இன்னொண்ணு வந்தா என்ன குறைஞ்சிடும்?" என்றாள். மருத்துவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே அதை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வந்தபோது அதற்குப் பல் இல்லை. நாக்கு ஓரமாக வெளியே தொங்கும். இடது கண் தெரியாது. எங்கே விட்டாலும் கூண்டின் அளவுக்கே நடக்கும். இந்த முன்னறையின் நடுவில் ஒரு சிறிய சதுரமாக, நாள் முழுவதும், திரும்பித் திரும்பி அதே சதுரத்தில் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒவ்வொரு நாளும் அந்தச் சதுரத்தின் குறுக்கே தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். அது அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்படித்தான் அது கூண்டை மறந்தது. அதன் பிறகு அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போகும், அவள் படுத்தால் கட்டிலில் அவள் இடுப்போடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று தெரியவில்லை. தேவையில்லை என்றால் அடித்துவிடலாம் என்றேன். இருக்கட்டும் என்றார்கள்.

வழக்கமாக வெயில் ஏறுவதற்கு முன் மூன்றையும் வெளியே நடத்திக் கூட்டிவருவோம், ஏனென்றால் சூட்டில் இவற்றுக்கு மூச்சு வாங்கும். அதன் பிறகு முக மடிப்புகளைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் புண்ணாகிவிடும். நான் பிடித்துக்கொள்வேன், அவள் துணியை நனைத்துத் துடைப்பாள். கண் மருந்து போடுவது என் வேலை. வீடெல்லாம் முடி உதிரும். கறுப்புத் துணி உடுத்துவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

இந்த வகை நாய்கள் மனிதர்களைப் போலவே குறட்டை விடும். மூன்றும் விடும். என் மனைவியும் சில வருடங்களாக விடுவாள். என் மைத்துனர் வரும்போதெல்லாம், "இது என்னக்கா, வீடா மாவு மில்லா?" என்பார். "உன் சத்தத்தை உன் பொண்டாட்டிகிட்டக் கேளு, சொல்லுவா" என்பாள் என் மனைவி. யாருடைய குறட்டை எது என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பட்டனுடையது துண்டு துண்டாக வரும். பஞ்சுவுடையது விசில் போல இருக்கும். என் மனைவியுடையதும் பெரியம்மாவுடையதும் ஏறக்குறைய ஒன்று: ஒரு நீண்ட இழுப்பு, நடுவில் ஒரு தடங்கல், அதன் பிறகு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சின் கடைசியில் என் மனைவியின் உதடு லேசாக ஊதும். பெரியம்மாவுக்கு அது கிடையாது. அன்றைக்கு அந்த ஊதல் கேட்டதா என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வேண்டியபடியே கேட்கிறது. ஆகையால் என் காதைப் பற்றி நான் சொல்லிவந்த பெருமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சம்பவ தினம் காலையில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. முகம் துடைக்கும்போது தோள்பட்டை வலிக்கிறது என்று என் மனைவி சொன்னாள். மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டேன். "பஞ்சுவத் தூக்குனதுதான். அது பஞ்சா? மூட்டை" என்றாள். முந்தைய நாள் இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. மதியம் சாப்பிட்டு, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏங்க, நான் கொஞ்சம் சாயறேன். இந்த ரெண்டையும் உள்ள விடாதீங்க, மிதிச்சே கொன்னுடும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். பெரியம்மா பின்னால் போயிற்று. நான் கதவை முழுவதும் மூடாமல் சாத்தி வைத்தேன். என் மனைவி என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவைதான். அப்போது எனக்கு அது தெரியாது.

அதன் பிறகு நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாய்களின் கழுத்துப் பட்டைகளில் அறுந்திருந்த ஒன்றைத் தைத்தேன். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. முதலில் இரண்டு குரல்கள் இருந்தன. பிறகு எப்போது ஒன்றாயிற்று என்று தெரியவில்லை. இரண்டு பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவர் விட்டு ஒருவர் நிறுத்துவது உண்டு என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் தூங்கட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். தொலைபேசியின் மணியைக் குறைத்து வைத்தேன். வாசலில் யாரோ போனதற்குப் பட்டன் குரைக்கப் பார்த்தபோது அதன் வாயைக் கையால் பொத்தினேன். உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். எட்டிப் பார்த்தால் பெரியம்மா விழித்துக் கட்டிலில் எழுந்து நிற்கும், அவளும் விழித்துக்கொள்வாள். அதனால் பார்க்கவில்லை.

வெளிச்சம் குறையத் தொடங்கும் நேரத்தில் என் மைத்துனர் வந்தார். வேலை முடிந்து போகும் வழியில் அவர் இப்படி வருவது வழக்கம். "அக்கா எங்க அத்தான்?" என்று கேட்டார். "தூங்குறா. கேக்கலையா?" என்றேன். இருவரும் கேட்டோம். "லாரி மேடு ஏறுது" என்று சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் எழுந்து படுக்கையறைக் கதவு வரை போய், கதவில் கையை வைத்து நின்று கேட்டுவிட்டு, "நல்லாத் தூங்குது. எழுப்ப வேணாம் அத்தான்" என்று சொல்லித் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டேன். சத்தம் வரக்கூடாது என்று கோப்பையை மேசையில் வைக்கும்போது அடியில் ஒரு விரலைக் கொடுத்து வைத்தேன். அவரும் அப்படியே வைத்தார். அவருடைய அலுவலகத்தில் மாடிக்குப் போகும் மின்தூக்கி பழுதாகியிருப்பதைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு உள்ளே சத்தம் நின்றது. கட்டிலிலிருந்து எதுவோ குதிக்கும் ஓசை கேட்டது. கதவை முகத்தால் தள்ளிக்கொண்டு பெரியம்மா வெளியே வந்தது. முன்னறையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். அதன் பின்னால் அறையில் எந்தச் சத்தமும் இல்லை. என் மைத்துனர் கையில் கோப்பையை வைத்துக்கொண்டே, "அத்தான், அது வெளிய வந்துடுச்சு" என்றார். "ஆமாம்" என்றேன். அதன் பிறகும் சிறிது நேரம் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம். மறுபடி சத்தம் வரும் என்று காத்திருந்ததாக நினைக்கிறேன்.

பிறகு உள்ளே போனோம். நான் அவள் இடுப்பில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. "ஒண்ணுமில்ல, சூடாத்தான் இருக்கா" என்றேன். மைத்துனர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கை வைத்த இடம் நாய் படுத்திருந்த இடம்.

தெருக்கோடியில் இருக்கும் மருத்துவர் வந்து பார்த்து, இதயம் என்றும், தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். எப்போது என்று மைத்துனர் கேட்டார். மதியமே என்றார். "நாங்க டீ குடிச்சுக்கிட்டிருந்தப்பவா?" என்று கேட்டார். அதற்கு வெகு நேரம் முன்பே என்று மருத்துவர் சொன்னார். அதன் பிறகு மைத்துனர் அங்கே நிற்காமல் சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பைகளையும் கழுவினார். இந்த வீட்டில் அவர் ஒருநாளும் கோப்பை கழுவியதில்லை, என் மனைவி விடமாட்டாள். கழுவி வந்து, "அக்கா தூங்குதுன்னு சொன்னீங்களே அத்தான்" என்றார். "ஆமாம், சொன்னேன்" என்றேன். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் புகார் கொடுத்தார் என்பது ஆய்வாளர் அம்மா வந்த பிறகே எனக்குத் தெரியும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆய்வாளர் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "உள்ள யாரு ஐயா தூங்குறாங்க? தனியா இருக்கறதாச் சொன்னீங்களே?" என்று கேட்டார். போய்ப் பார்க்கலாம் என்றேன். எழுந்து போய்ப் படுக்கையறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எழுத்தர், "என்ன மேடம்?" என்று கேட்டார். "நாய்தான்யா. எழுது" என்றார். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அதன் பிறகு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஆய்வாளர் அம்மா, "எழுப்பப் போனேன், நீங்க தடுத்துட்டீங்கன்னு அவரு எழுதிக் கொடுத்திருக்காரு. நீங்க என்னடான்னா அவரே வேணாம்னு சொன்னதாச் சொல்றீங்க. எது ஐயா நிஜம்?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொன்னேன் என்றேன். "அப்படின்னா புகார் நிக்காது. நாளைக்கு அவரக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டிக் கேட்டுடறேன்" என்றார். லாரி என்று சொன்னதையுமா என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான்" என்றார்.

நான் சிறிது அவகாசம் கேட்டு உள்ளே போய், பெரியம்மாவுக்குக் கண் மருந்து போட்டுவிட்டு வந்தேன். வந்து, மைத்துனர் சொன்னதாக உள்ள அந்த வாக்கியங்களை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். எழுதியதை எடுக்க முடியாது, வேண்டுமானால் கீழே சேர்க்கலாம் என்றார். "நிதானமா யோசிச்சுக்கங்க ஐயா. சேர்க்கறது உங்க மேலதான் திரும்பும்" என்றார். திரும்பினால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்களா, போனால் சாயந்திரத்துக்குள் விட்டுவிடுவார்களா, நாய்களுக்கு வேறு ஆள் இல்லை என்று கேட்டேன். அவர் எழுத்தரைப் பார்த்து, "சொல்றத எழுதிக்க" என்றார்.

ஆகவே சேர்த்துக்கொள்ள வேண்டியதாவது: எழுப்ப வேண்டாம் என்ற வார்த்தை எங்கள் இருவரில் ஒருவருடையது. அதை என்னுடையது என்றே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மைத்துனர் கதவு வரைக்குமாவது போனார். நான் அந்தக் கதவின் பக்கமே போகவில்லை. அவர் பொய் சொல்லும் ஆள் அல்ல. நாளை அவருக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும்போது, இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முழுவதையும் மறுபடி படித்துக் காட்டக் கேட்டேன். கண்ணாடி போட்டு நானும் ஒருமுறை படித்தேன். யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை இவ்வளவும் உண்மை, கடைசியில் சேர்த்தது உட்பட.

(கையொப்பம்)