ஒன்பதாம் ரூம் நாத்தனார்

— "அம்மா, பல்லு மாதிரி அதுவும் திரும்ப முளைக்குமா?"ன்னு என் பொண்ணு கேட்டா, அக்கா. அப்போ அவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்த நேரம்.

— நீ என்ன சொன்ன?

— போய் வீட்டுப்பாடம் எழுதுடின்னேன்.

— நல்ல பதில்!

— வேற என்னத்தச் சொல்ல? மார்பை எடுத்து, தையல் பிரிச்ச வாரம் அது...

— அதைத்தான் நாளைக்கு முளைக்க வைக்கப் போறியே.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வராண்டாவுல உக்காந்திருந்தா எல்லாம் காதுல விழும்.

— வயித்துச் சதையை எடுத்து மேல வச்சுத் தைப்பாங்களாம். டாக்டர் போட்டோவெல்லாம் காட்டினார். ஒண்ணுலயாவது தலை இருக்கணுமே! தலையில்லாதவங்களைப் பார்த்து நான் என்னத்த முடிவு பண்ண?

— அது சரி.

— நீங்க யாருக்குத் துணைக்கு வந்தீங்க?

— ஒன்பதாம் ரூம்ல என் நாத்தனார். அவ குறட்டைக்குப் பயந்து வெளிய வந்துட்டேன். ஆமா, நீ எங்க கிளம்பிட்ட?

— சும்மா... கீழ, டீ குடிக்க.

— டீக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை? ஆஸ்பத்திரி உடுப்பையும் கழட்டியாச்சு...

— அது... அழுக்குத் துணி, அக்கா.

— மாட்டினியா? பள்ளிக்கூட வேன் ஓட்டுறவ நான். எந்தப் புள்ள எப்ப நழுவும்னு கண்ணாடியிலயே தெரிஞ்சிடும்.

— வீட்டுக்குப் போயிடலாம்னுதான், அக்கா. ஜாக்கெட்டுக்குள்ள பஞ்சு வச்சே மூணு வருஷம் ஓட்டிட்டேன். இஸ்திரிக் கடை என்னோடது. குனிஞ்சு தேய்க்கிறப்ப பஞ்சு ஒதுங்கும், இழுத்து விட்டுக்குவேன். அவ்வளவுதானே?

— அவ்வளவுதான்னா போ. யாரு தடுத்தா?

— கத்திக்குப் பயமில்ல. அப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னா எதைப் பார்ப்பேன்னுதான்... மறுபடியும் ஒரு தடவை அதிர்ந்து போக என்னால முடியாது.

— இந்தத் துணி மாத்துற ரூமுக்குள்ள வா. தாழ்ப்பாளைப் போடு.

— எதுக்கு?

— போடேன்... ம்ம். லைட்டைப் போட்டுட்டு இப்படித் திரும்பு.

— அக்கா, ஜாக்கெட்டை ஏன் கழட்டுறீங்க... ஐயோ! உங்களுக்குமா?

— ஊரைக் கூட்டாத. எது செஞ்சதுன்னு சொல்லு பார்ப்போம்.

— இது... இல்ல இல்ல, இந்தப் பக்கம். கோடு தெரியுது.

— தொட்டுப் பாரு. கடிக்காது.

— வெதுவெதுன்னு இருக்கு...

— பின்ன? என் சதைதானே. ஆனா நீ தொடுறது எனக்குத் தெரியல. வேன்ல பெல்ட் அழுத்துறதும் தெரியாது. நீ இஸ்திரிப் பெட்டி பக்கத்துல நிக்கிறவ. சூடு பட்டா உடம்பு உனக்குச் சொல்லாது, கண்ணாலதான் பார்த்துக்கணும்.

— இந்த வரி வரியா இருக்கறது?

— என் பையன் வயித்துல இருந்தப்ப விழுந்தது. சதையோட அதுவும் மாடி ஏறிடுச்சு. அவன்கிட்டச் சொன்னா ஓடிடுவான், மீசைக்காரன்.

— சிரிக்க வைக்காதீங்க...

— வயித்துல தையல் இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும். பாத்துக்க. கொஞ்ச நாள் கூனிக்கிட்டுத்தான் நடக்கணும்.

— அழகா இருக்கா, இல்லையான்னே சொல்லத் தெரியல எனக்கு.

— எனக்கும்தான். ஆனா குளிக்கிறப்ப கண்ணை மூடிக்கிறதில்ல. முன்னாடி மூடிக்குவேன்.

— ...நானும் மூடிக்குவேன், அக்கா.

— தெரியும்.

— உங்களுக்கு யாரு தைரியம் சொன்னது?

— யாரோ ஒரு பொம்பள. இதே ரூம்ல, இதே மாதிரி தாழ்ப்பாளைப் போடச் சொன்னா. பேரு கேக்கறதுக்குள்ள பொத்தானைப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. கடவுள்தான் அனுப்பினார்னு நினைச்சுக்கிட்டேன்.

— அப்புறம் அவங்களைப் பார்க்கவே இல்லையா?

— எங்க தேட? கடன் மட்டும் எங்கிட்ட நின்னுபோச்சு... சரி, நீ போறதுன்னா போ. லிப்ட் இடது பக்கம்.

— ...இந்தப் பையை எங்க வைக்கறது? கட்டிலுக்கு அடியில இடமில்ல.

— அலமாரியில வை.

— புள்ளைக்கு ஒரு போன் போடணும். முளைக்காதுடி, ஆனா... ஏதோ சொல்லிக்கிறேன். நீங்க கிளம்புங்கக்கா. ஒன்பதாம் ரூம்ல நாத்தனார் முழிச்சுக்கிட்டுத் தேடப் போறாங்க.

— எனக்கு நாத்தனாரே கிடையாதும்மா.