அறந்தாங்கியில் அடங்காத கை

அறந்தாங்கியிலிருந்து கிளம்பிய கீரமங்கலம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் மல்லிகைக் கூடை.

"நேத்து இதே பஸ்ல ஒருத்தன் என்னைய உரசுனான்ல, போலீஸ் ஸ்டேஷன்ல என்ன சொன்னான் தெரியுமாக்கா? சின்ன வயசுலேருந்தே மனசு சரியில்லயாம், கைய அடக்க முடியலயாம்."

"யாரு, துபாய்லேருந்து வந்திருக்கானே, அவனா?"

"அவந்தான். அவன் பொண்டாட்டியே கேட்டுருச்சு. 'எட்டு வருசம் அங்கிட்டும் பஸ்லதான வேலைக்குப் போன? அங்க அடங்குன கை அறந்தாங்கியில மட்டும் அடங்காதா'ன்னு."

"அப்புடிக் கேளு! அதுக்கு என்ன சொன்னான்?"

"மனசுக்கு டாக்டரப் பாக்குறேன்னு ஆரம்பிச்சான். அதுக்குள்ள இன்ஸ்பெக்டரு உள்ள வந்தாரு. ரெண்டு கையும் தன்னால கட்டிக்கிருச்சுக்கா."

இருவரும் சிரித்த சிரிப்பில் கூடையே குலுங்கியது.