சும்மா பாக்கத்தாண்ணா பாத்தேன்

...அதான் சொல்றேண்ணா, தப்பு வாசல் கேட்டுல வண்டிய கூப்புடற அந்த கேட்டு புரோகிராம் மேலதான். அத எழுதுனவன மொதல்ல கொண்ணாந்து இந்த ஒரகடம் வெயில்ல உக்கார வெக்கணும். உங்களுக்கு முன்னாடி வந்த வண்டி போச்சு, பின்னாடி வந்த வண்டியும் போச்சு. உங்க லாரி மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? நீங்க டீய குடிங்க. நான் கலைமதி, இந்த குடோன்ல சிஸ்டம் பாக்கறேன். உங்க பேரு லாசர்னு கேட்டுல சொன்னாங்க. எங்க மேனேஜர் தசரதன் சாரு, "போயி அந்த டிரைவருக்கு இன்னா பிரச்சனன்னு பாரு"ன்னாரு. லேப்டாப்ப தூக்கினு வந்துட்டேன்.

இல்லண்ணா, உங்க வண்டி நம்பரு தொலையல. நீங்க வந்ததும் கேட்டுல கம்ப்யூட்டர்ல அடிச்சாங்க இல்ல, அது ஒரு வரிசையில போயி நிக்கும். உள்ள சரக்கு எறக்கற எடம் காலியாச்சுன்னா, கேட்டு புரோகிராம் மொதல்ல நிக்கற நம்பர எடுத்து மைக்குல கூப்புடும். அவ்ளோதான். வரிசையில யாரு கீறாங்கன்னு நான் பாக்கணும்னா, இந்த கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி அடிக்கணும். பட்டனு கெடையாது, படம் கெடையாது. ஒரு புள்ளி வுட்டுப்போனாலும் திட்டும். நேத்துதான் கத்துக்கினேன். இருங்க... தோ. உங்க நம்பரு. கண்ணால பாத்துட்டீங்களா? இப்ப மைக்குல வரும் பாருங்க.

ஃபோன் அடிக்குது, எடுங்க.

யாரு, அண்ணியா? சவரியம்மாளா, நல்ல பேரு. இன்னாவாம்? ...அய்யோ. சாயங்காலம் சர்ச்சுல பொண்ணுக்கு புதுநன்மையா, மொத மொதல்ல நற்கருண வாங்கற பூசையா? வெள்ள கவுனு உங்க லாரியிலயா கீது? சிங்கப்பெருமாள் கோவில் டெய்லர்கிட்ட வாங்கியாந்தீங்களா... வண்டிய வுட்டுட்டும் போவ முடியாது, சரிதான். இன்னும் நேரம் கீதுண்ணா. எறக்கிட்டு கெளம்புனா உங்க ஊரு சேரப்பணஞ்சேரி இன்னா தூரம்? மைக்கு இன்னும் கூப்புடலையா? இருங்க, இன்னொரு வாட்டி அடிக்கறேன்.

ஸ்கிரீன்ல வரிசை காலின்றாண்ணா. இப்பதான இருந்துச்சு? இதான் இவனோட ரோதன. மத்தியானத்துலேர்ந்து இப்பிடித்தான், வருது, மறையுது, வருது, மறையுது.

எனக்கு பொறுமை கொஞ்சம் கம்மிண்ணா, ஒத்துக்கறேன். வூட்ல என்னிய இட்லி ஊத்தவே வுட மாட்டாங்க. வெந்துச்சா வெந்துச்சான்னு மூடிய தெறந்துகினே இருப்பேனாம். எங்க வூட்டுக்காரரு சிவசங்கரு, "நீ பாக்கற பார்வைக்கு பயந்துகினே அது வேவ மாட்டேங்குது"ன்றாரு. அன்னிக்கு மாமியாருக்கு அரை வேக்காடா குடுத்து... அத வுடுங்க. பேசிகினே கால் மணி ஓடிப்போச்சு, இன்னொரு வாட்டி அடிச்சேன், தோ, திரும்ப வந்துட்டுது பாருங்க உங்க நம்பரு. நான் சொல்லல?

மைக்கு இன்னும் வாயத் தெறக்கல. சரி, பகலவனுக்கு ஃபோன் போடறேன். இந்த வரிசைய செட் பண்ணவன் அவன்தான்.

ஹலோ பகலவா... ஆமாப்பா, நம்பரு தெரியுது, கேட்டு கூப்புட மாட்டேங்குது... இல்ல, நான் ஒண்ணுத்தையும் தொடல. சும்மா பாத்தேன்... மத்தியானத்துலேர்ந்து பாக்கறேன்... இன்னாது? ...எடுத்த மாதிரியா? ...எவ்ளோ நேரம்? ...சரி. சரிப்பா. சிரிக்காத, வெச்சிடு.

அண்ணா, இன்னொரு டீ சொல்லட்டா? வேணாமா.

இன்னான்னா... இதுல சும்மா பாக்கறதுன்னு ஒண்ணு கெடையாதாம். நான் அந்த வரிய அடிச்சா, உங்க நம்பர வரிசையிலேர்ந்து எடுத்த மாதிரியாம். கால் மணி நேரம் யாரு கண்ணுக்கும் தெரியாதாம், கேட்டு புரோகிராம் கண்ணுக்கும்தான். அப்பறம் அதுவா திரும்ப வந்து நிக்குமாம். வந்து நிக்கும்போதெல்லாம் நான் போயி... நேத்து கத்துக்கினத மத்தியானம் ஒரு வாட்டி பாக்கலாம்னு அடிச்சேண்ணா. அப்ப மொத ஆளா நின்னது நீங்கதான். பாவம் பண்ணது லாரி இல்ல, நான்தான்.

திட்டுங்கண்ணா. அந்த புள்ள கவுனு எங்கன்னு வாசல்ல நின்னுகினு இருக்கும், நான் இங்க வாய் கிழிய அடுத்தவன கொற சொல்லிகினு கீறேன். அந்த புரோகிராம் எழுதுனவன் நல்லா இருக்கட்டும், வல்லக்கோட்டை முருகனுக்கு அவன் பேர்ல ஒரு தேங்கா ஒடைக்கறேன்.

இனிமே கால் மணி நேரம் நான் கைய வெக்காம இருந்தா போதுமாம். மூடிட்டேன். ...வரிசையில வந்துட்டுதான்னு ஒரே ஒரு வாட்டி மட்டும்... இல்ல, வேணாம். இந்தாங்க லேப்டாப்பு, நீங்களே மடியில வெச்சிக்கோங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. பாப்பா பேரு இன்னா? ஜெர்சியா? கவுனுக்கு கையில லேஸ் வெச்சிருக்காங்களா? எனக்கு லேஸ்னா... அண்ணா, கொஞ்சம் குடுங்களேன், பாத்துட்டு ஒடனே... சரி, சரி, கேக்கல. கால் மணி ஆவப்போவுது.

மைக்கு. அண்ணா, உங்க நம்பருதான். ஓடுங்க, ஓடுங்க. அந்த கிளாஸ அங்கயே வெச்சிட்டு...

அண்ணா, லேப்டாப்பு... லேப்டாப்பையும் தூக்கினு...

உங்கள திரும்பி வர சொல்லலண்ணா, நீங்க போங்க. எறக்கி முடிக்கற வரைக்கும் அந்த லேப்டாப்பு லாரியிலயே இருக்கட்டும்.