கடைசி ஆள் யாரு?

— மெல்லச் சாப்பிடு, எவரிஸ்தோ. ஆட்டுத்தொடை எழுந்து ஓடிடாது.

— ஓட விட்டுடுவேனா, நியேவெஸ்? வலென்சியாவுல இருந்து மூணு நாளா கார் ஓட்டி வந்ததே இதுக்குத்தான். காசில்தாம்மா, இத எத்தன மணி நேரம் அடுப்புல வச்சீங்க? எலும்பத் தொட்டா கறி தானா கழண்டு விழுது!

— காலைல எட்டு மணிக்கு வச்சது, ஐயா. உப்பு, கொஞ்சம் தண்ணி, பன்னிக்கொழுப்பு. வேற வித்தை ஒண்ணும் கிடையாது. நீங்க நாளைக்கு வர்றதாத்தானே போன்ல பேச்சு? இது வேற ஒருத்தருக்காக வச்சது.

— ரோடு நல்லா இருந்துச்சு, ஒரு நாள் முன்னாடியே வந்து இறங்கிட்டோம். அந்த ஒருத்தர் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான். நியேவெஸ், அந்த வைன் கூஜாவ இப்படித் தள்ளு. அண்ணாந்து ஒரு மடக்கு.

— சட்டையில ஊத்திக்காம குடி. நேத்துத் தங்கின இடத்துல மேஜைவிரிப்பு பூரா சிவப்பாக்கிட்டு வந்த. எனக்கு மானம் போச்சு.

— அது கூஜாவோட மூக்கு கோணல். காசில்தாம்மா, மாடி ரூம் ஜன்னலத் திறந்தேன் பாருங்க, அப்பப்பா! செங்குத்தா சிவப்புப் பாறை. கீழ ஆத்தோரம் மரமெல்லாம் மஞ்ச மஞ்சேர்னு. நடுவுல கழுகு வட்டம் போடுது. அந்தக் கம்பளி மெத்தையில ஒரு வாரம் கிடக்கலாம்னு இருக்கு.

— சத்தமே இல்லாத ஊரு, ஐயா. இன்னிக்கு என்னைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது. தேவதூதர் மிக்கேல் சம்மனசு திருநாள்னா எல்லாரும் வீட்டப் பூட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. நாளைக்குக் காலைலதான் திரும்புவாங்க.

— யாருமே இல்லையா? அப்ப ரொட்டி வண்டிக்குக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க யாரு, காசில்தாம்மா?

— எந்த ரொட்டி வண்டி, தாயி?

— கோயில் சுவரோரம் கல்லு பெஞ்சுல, வெயில்ல வரிசையா உக்காந்திருந்தாங்களே. எட்டுப் பேர். மடியில ஆளுக்கொரு துணிப்பை. நாளைக்கு வழியில சாப்பிட ரொட்டி வாங்கிக்கலாம்னு நானும் போனேன்.

— எங்க ஊருக்கு ரொட்டி வண்டி வந்து பதினோரு வருசமாச்சு. நீ தின்ற ரொட்டி நான் சுட்டது. நீ எப்ப வெளிய போன? நான் அடுப்படியில இருந்தப்பவா?

— ஆமா. இவன் கார்ல இருந்து பெட்டி இறக்கிக்கிட்டு இருந்தான்.

— அவங்ககிட்டப் பேசினியா?

— பேசாம? வரிசைன்னா கேக்காமப் போய் நிக்க முடியுமா?

— என்ன கேட்ட? வார்த்தை மாறாமச் சொல்லு.

— இதென்ன அதிசயமா? கறிக்கடை, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் எல்லாரும் கேக்குறதுதான். “கடைசி ஆள் யாரு?”ன்னேன். ஓரத்துல இருந்த பெரியவர் விரலத் தூக்கி, “நாந்தான். எனக்கப்புறம் நீ, மகளே”ன்னார். ரொம்ப நேரம் நின்னேன், வண்டி வரல. “என் இடத்தப் பாத்துக்கங்க, மலை முனையில நின்னு வேடிக்க பாத்துட்டு வர்றேன்”னு சொன்னேன். எட்டுப் பேரும் சிரிச்சாங்க. “அது எங்கயும் போகாது, போயிட்டு வா”ன்னாங்க.

— கன்னி மரியே!

— ஐயோ, அம்மா! தட்டு உடைஞ்சுபோச்சு, கால வைக்காதீங்க. எவரிஸ்தோ, தண்ணி எடு!

— தண்ணி வேணாம். அந்தப் பெரியவர் தூக்கின விரல், தாயி. அது எப்படி இருந்துச்சு?

— நுனி இல்ல. பாதியோட நின்னுபோயிருந்துச்சு. வாயில சோம்புத் தண்டு ஒண்ண மென்னுக்கிட்டே இருந்தார்.

— ரம்பத்துல போன நுனி அது. என் பாவாடைத் துணியக் கிழிச்சு நாந்தான் கட்டினேன். அவர் என் புருசன் பெர்னபே. இந்தக் கறியும் அவருக்காக வச்சதுதான். பிப்ரவரி மாசம் பனியில குழி தோண்டி அடக்கம் பண்ணினோம்.

— காசில்தாம்மா, சோத்து நேரத்துல, பட்டப்பகல்ல, இதென்ன பேச்சு? நானும்தான் பாத்தேன் அவங்கள. கிழங்கட்டைங்க, வெயில் காயுதுங்க.

— நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டீங்க, நாப்பத்தாறு வருசம் கூடப் படுத்த என் கண்ணுக்குத் தெரியல பாருங்க. வெளியூர்க்காரங்களுக்குத்தான் தெரியும். அவர் முதல் ஆள் இல்ல, தாயி. முன்னாடி தலையில கறுப்புத் துணி கட்டின ரெண்டு பேர் கையக் கோத்துக்கிட்டு இருந்தாங்களா?

— இருந்தாங்க. ஒரே ஜாடை.

— அக்கா தங்கச்சி. ஒரே வாரத்துல போனாங்க. கழுத்துல கட்டி வீங்கின ஒருத்தன்?

— ஆமா… ஆமா, இருந்தார். எவரிஸ்தோ, எனக்கு என்னமோ பண்ணுது.

— இந்த வருசம் இந்த ஊர்ல செத்த எட்டுப் பேரும் அவங்கதான். இன்னிக்கு ஒரு நாள் அந்த பெஞ்சுல உக்காருவாங்க. சுவர விட்டு வெயில் இறங்கினதும் சம்மனசு வந்து வரிசப்படி கூட்டிக்கிட்டுப் போவார். பாத்தா பாவமில்ல. கேட்டாத்தான் வினை. கேட்டு, முறைய வாங்கிட்டா நீயும் அந்த வரிசையில ஒருத்தி. அதனாலதான் எங்க ஊர்ல எந்த வரிசையிலயும் அந்த வார்த்தையக் கேக்க மாட்டோம். புள்ளைக்குப் பேச்சு வந்ததும் முதல்ல அதத்தான் அதட்டிச் சொல்லிக் கொடுப்போம். உங்கள உள்ளயே வச்சுச் சோறு போட்டு, பொழுது சாயுறவர கதவச் சாத்திடலாம்னு நெனச்சேன். பாவி, அடுப்பப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்! கையக் கொடு, தாயி. பாத்தியா, எப்படிக் குளுந்துபோச்சு.

— ஆமா, விறைச்சுப்போன மாதிரி இருக்கு. எவரிஸ்தோ, என் கையக் கொஞ்சம் தேய்ச்சு விடேன்.

— அவங்களே தேய்க்கட்டும், நியேவெஸ். என் கையெல்லாம் ஆட்டுக்கொழுப்பு.

— இப்பக்கூட உனக்குத் தின்கிறதுதானா? நான் செத்துப்போகப் போறேன்னு இந்தம்மா சொல்றாங்க!

— கத்தாத. யோசிக்கிறேன். காசில்தாம்மா, கார்ல ஏறி இப்பவே கிளம்பிட்டா?

— ஒருத்தன் கிளம்பினான், ஐயா. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி. மூணாவது வளைவுல கெடந்தான். வண்டியில ஒரு கீறல் இல்ல.

— வேற வழியே கிடையாதா?

— இருக்கு. வரிசையில முறைய விட்டுக் கொடுக்குறது உண்டுல்ல? “எனக்கு அவசரமில்ல, நீங்க போங்க”ன்னு. அது இங்கயும் செல்லும். ஒருத்தர் வாயால கொடுக்கணும், இன்னொருத்தர் வாயால வாங்கிக்கணும். கொடு, தாயி. நான் வாங்கிக்கிறேன்.

— நீங்களா? ஐயோ வேணாம்! உங்க சோத்தத் தின்னுட்டு உங்களையே நான் அனுப்பவா?

— கிறுக்கி! ஏழு மாசமா நான் என்ன வேண்டிக்கிட்டு இருக்கேன்னு நெனச்ச? நானா போய்க் கேட்டா அது உசுர மாய்ச்சுக்கிறதுக்குச் சமம்னு சாமியார் சொல்லிப்புட்டார். ஒருத்தர் கொடுத்து வாங்கினா தருமம். அதுவும் அவருக்கு அடுத்த இடம்! எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சு. அவர் முதுகப் பாத்துக்கிட்டே நடந்துடுவேன்.

— காசில்தாம்மா, ஒரு சந்தேகம். ஒரே ஆள் ரெண்டு முறைய வாங்கிக்க முடியுமா?

— ஒரு ஆள் ரெண்டு இடத்துல எப்படி ஐயா நிக்கிறது? ஒருத்தருக்கு ஒண்ணுதான். ஏன் கேக்குறீங்க?

— சும்மாத்தான். இன்னும் ஒரு துண்டு கறி போடுங்க.

— இவன் மனுசனே இல்ல, அம்மா. கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருசமா இப்படித்தான்.

— சாப்பிடட்டும் விடு. நல்லா சாப்பிடுற ஆம்பளைய வையக் கூடாது. வெயில் சுவர்ல கொஞ்சந்தான் இருக்கும், சீக்கிரம் சொல்லு, தாயி.

— எப்படிச் சொல்றது? நாக்கு வரமாட்டேங்குது.

— சொல்லு, நியேவெஸ். அவங்க ஆசப்பட்டுத்தானே கேக்குறாங்க. தயவு செஞ்சு சொல்லு.

— என்… என் முறைய உங்களுக்குக் கொடுத்துட்டேன், காசில்தாம்மா.

— வாங்கிக்கிட்டேன், மகளே. நல்லா இரு. பாரு, கை சூடு வந்துடுச்சு. அலமாரியில வைன்ல ஊறப்போட்ட பீச் பழம் இருக்கு, மறக்காம சாப்பிடுங்க. அடுப்ப அணைச்சிடுங்க. கோழிக்குத் தீனி வச்சுட்டேன். என் கறுப்புச் சால்வை எங்க? ஆங், இந்தா. ஐயா, கொஞ்சம் பாருங்க, பின்னால கொண்டை சரியா இருக்கா? ஏழு மாசம் கழிச்சுப் பாக்கப் போறேன்.

— கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க, காசில்தாம்மா.

— போங்க ஐயா, கிண்டல் பண்ணிக்கிட்டு. வர்றேன்.

— போயிட்டாங்க… சின்னப் பொண்ணு மாதிரி ஓடுறாங்களே! எவரிஸ்தோ, எழுந்திரு. பெட்டியக் கார்ல போடு. இந்த ஊர்ல இனி ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்.

— சாவிய நீ பிடி. நீயே ஓட்டு. இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா, பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்காத. திரும்பிப் பாக்காத.

— நான் எதுக்கு ஓட்டணும்? நீ ஏன் சட்டை மாத்துற? இப்ப என்ன கல்யாணத்துக்கா போற?

— சட்டையில வைன் கொட்டிடுச்சு. இப்படிப் போய் நின்னா நல்லா இருக்காது.

— எங்க போய் நிக்கப் போற? எவரிஸ்தோ, என் முகத்தப் பாத்துப் பேசு.

— நீ மலை முனையில வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தேல்ல, நியேவெஸ், அப்ப உன்னத் தேடிக்கிட்டு நானும் கோயில் பக்கம் போனேன். வரிசையப் பாத்தா வாய் சும்மா இருக்குமா? கேட்டுத் தொலைச்சேன். “ஒரு பொம்பள இப்பத்தான் எழுந்து போனா, அவளுக்கப்புறம் நீ”ன்னார் பெரியவர்.