வேலியோரப் புதினா

புதினா வளர்க்க ஒன்றும் மெனக்கெட வேண்டாம் சார். சந்தையில் வாங்கின கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு, தண்டை ஈரத்தில் ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றினேன். வேலிவரைக்கும் தழைத்துவிட்டது.

எனக்கு மருந்தடிக்கிற கூலி வேலை. மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தக்காளிக் கொல்லைகளில் இருபது வருஷமாக டேங்கை முதுகில் சுமக்கிறேன். கையில் அந்த நாற்றம் போவதே இல்லை. மருந்து காட்டாமல் நான் வளர்த்தது இந்தப் புதினா ஒன்றுதான்.

பக்கத்து வீடு தம்பியுடையது. அவன் ஓசூரில் வேலை. அவன் பெண்டாட்டி சசிகலா வாரத்தில் நாலு நாள் வேலிக்குள் கைவிடுவாள். நுனியைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். அவள் வேரோடு இழுப்பாள். கேட்டுப் பறி என்றேன்.

"தழைதானே மாமா, தங்கமா எடுத்துட்டன்? வேணும்னா ஒரு வாட்ச்மேனைப் போடுங்க."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவி தீர்த்தம்மாள் சிரித்தாள். சசிகலா பேசினதைக்கூட விட்டுவிடலாம்.

கொல்லையில் மருந்தடித்தால் ஓரத்தில் குச்சி நட்டு, காலி டப்பாவைக் கவிழ்த்து வைப்போம். ஆடு ஓட்டுகிறவர்கள் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். செவ்வாய்க்கிழமை காலை வேலியோரப் புதினாவுக்கு அடித்தேன். குச்சி நடவில்லை. வீட்டுத் தழைக்கு யாரும் நடுவதில்லை. தீர்த்தம்மாளிடம் மட்டும், பூச்சி விழுந்திருக்கிறது, ஒரு வாரம் கிள்ளாதே என்றேன். சசிகலா வயிற்றாலே போய் ரெண்டு நாள் படுத்தால் புத்தி வரும் என்று நினைத்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். பறித்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்காமல் அவள் துவையலைத் தொடமாட்டாள். அன்று மதியம் நான் கை கழுவி வருவதற்குள் தீர்த்தம்மாள் அந்தத் துவையலைத் தொட்டுப் பாதிக் களியை முடித்திருந்தாள்.

"சசி பூச்சி பார்த்துத்தான் அரைச்சிருக்கா. தொட்டுக்கங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலிப்பக்கம் திரும்பி சசிகலாவைக் கூப்பிடுவாள். ஊருக்கே தெரிந்துபோகும். பல் வலி என்று சொல்லி, களியை மோரில் கரைத்துக் குடித்தேன். என் பங்குத் துவையலையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

சசிகலா சாப்பிட உட்காரும் முன்பே இங்கே இவளுக்கு வாயில் நுரை தள்ளியது. ஓடிவந்து மடியில் தாங்கி ஆஸ்பத்திரிவரைக்கும் வந்தவள் சசிகலாதான்.

என்ன மருந்து என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். பெயர் தெரிந்தால் நல்லது என்றார். டப்பாவின் நிறத்தை வைத்தே பெயர் சொல்கிறவன் நான். தெரியவில்லை என்றேன். சசிகலா அரைத்த துவையலைச் சாப்பிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. நீங்களும் அவளைத்தானே முதலில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்.

வியாழக்கிழமை விடியும்போது தீர்த்தம்மாள் போய்விட்டாள். இப்போது கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று அங்கேயே கேட்டிருப்பார்கள். பதினெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவள் சார். புருஷன் ஜெயிலுக்குப் போவதைத் தீர்த்தம்மாள் தாங்கியிருக்க மாட்டாள்.