கட்டை இழுத்த தூண்டில்

ரூஃபினோ: சத்தியமா அக்கா, தூண்டிலை ஆத்துக் கட்டை மாட்டி இழுத்துட்டுப் போச்சு.

தெல்ஃபினா: நாளைக்கு சூசையப்பர் திருவிழா. ஊருக்கே மீன் சூப்பு ஊத்த வேண்டியது நம்ம முறை. படகுல என்ன இருக்கு?

ரூஃபினோ: நாலு பொடி மீனு...

தெல்ஃபினா: நாலு! சாமியாருக்கே பத்தாது.

ரூஃபினோ: போன வாரம் உன் தூண்டிலையும் கட்டைதானே இழுத்துச்சு? நான் ஏதாவது கேட்டேனா?

தெல்ஃபினா: அது வேற கட்டை. கயித்தைக் காட்டு... டேய், இது கத்தி வெட்டு. உன் கட்டை கத்தி வெச்சிருந்துச்சா? வாயில என்ன, வாழைக்காயா?

ரூஃபினோ: கத்தாதே. சுறா, அக்கா.

தெல்ஃபினா: உளறாதே. சான் ஹுவான் ஆத்துல சுறாவைப் பாத்து பதினோரு வருசமாச்சு.

ரூஃபினோ: காளைச்சுறா! அதே மொட்டை மூக்கு, சின்னக் கண்ணு. படகை ஒரு முட்டு முட்டுச்சு பாரு, துடுப்பு தண்ணியில. கடல்லேர்ந்து பாறைச்சுழல் எல்லாம் ஏறி நம்ம நல்ல தண்ணிக்கு வந்திருக்கு.

தெல்ஃபினா: எவ்வளவு பெருசு?

ரூஃபினோ: ஊருக்கே ஊத்தி மிச்சமும் இருக்கும்.

தெல்ஃபினா: அதையா வெட்டி விட்ட! அப்பா மட்டும் இருந்திருந்தா...

ரூஃபினோ: அப்பாவும் அவர் கூட்டாளிங்களும் பிடிச்சுப் பிடிச்சுத்தானே ஒண்ணும் இல்லாமப் போச்சு? ஒண்ணு வந்திருக்குன்னா பின்னாடியே இன்னொண்ணு வரும். எனக்குக் கொல்லக் கை வரலக்கா.

தெல்ஃபினா: அழுவுறியாடா?

ரூஃபினோ: சந்தோசம்... ஆனா ஒரு விசயம். அது வாயில என் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்துல இன்னொரு முள்ளு. அதுலயும் பச்சைக் கம்பி சுத்தியிருந்துச்சு.

தெல்ஃபினா: ஊர்ல எத்தனையோ பேரு சுத்துவாங்க.

ரூஃபினோ: பச்சைக் கம்பி சுத்துறது நம்ம வீடு மட்டும்தான். அப்பாவோடதுன்னா துருப்பிடிச்சிருக்கும். இது புதுசு.

தெல்ஃபினா: வெயில் ஏறுது. போயி மரவள்ளியும் வாழைக்காயும் நிறைய நறுக்கு.

ரூஃபினோ: மீன் எங்கேன்னு கேப்பாங்களே?

தெல்ஃபினா: கட்டை இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லு. சுறான்னு ஒரு வார்த்தை வந்துச்சு, விடியறதுக்குள்ள ஆறு முழுக்க சங்கிலித் தூண்டில் போட்டுருவானுங்க.

ரூஃபினோ: ஊரே சிரிக்கும்!

தெல்ஃபினா: சிரிக்கட்டும்.

ரூஃபினோ: எந்தக் கட்டைன்னு கேட்டா?

தெல்ஃபினா: போன வாரம் நான் கயித்தை அறுத்து விட்டேனே, அதே கட்டைன்னு... ஐயோ, அதை மட்டும் சொல்லித் தொலைச்சிடாதே!