எத்தனை வகை ‘இல்லை’

சஃபீர்: அத்தா குரலுக்கு மூவாயிரத்து எழுநூறாம். வரி தனி!

ஷாஸியா: மெசேஜ் ஆப் கம்பெனிக்காரங்க பென்டிரைவ்ல போட்டு அனுப்ப அவ்வளவு கேக்குறாங்கண்ணே. இன்னைக்கு ஆறு மணிக்கு அந்த ஆப்பையே மூடுறாங்கள்ல...

சஃபீர்: மௌத்தாப்போன மனுசன் எனக்குப் போட்ட வாய்ஸ் மெசேஜை எனக்கே விக்கிறானா? நம்ம மூஞ்சிக்கல் பஜார்லகூட எவனுக்கும் இந்தத் துணிச்சல் வராது.

ஷாஸியா: அஞ்சு பைசா குடுக்க வேணாம். நான் எழுதுன கம்ப்யூட்டர் கோடே எல்லாத்தையும் இறக்கிரும்.

சஃபீர்: அப்ப ஏன் ஒரு மணி நேரமா ஸ்க்ரீன் செவப்பாவே கெடக்கு?

ஷாஸியா: மேகம் இறங்குனா நெட் போயிருது. எரர் வந்தா மறுபடி கேளுன்னு எழுதிருக்கேன். அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே...

சஃபீர்: எந்த எரர் வந்தாலுமா?

ஷாஸியா: ஆமா, எந்த எரர் வந்தாலும்.

சஃபீர்: அட கூறுகெட்டவளே! யாவாரி மகதானா நீ? எல்லா ‘இல்ல’யும் ஒரே ‘இல்ல’யா? கடை பூட்டிருந்தா திரும்பப் போகணும். சரக்கே இல்லன்னா நடையைக் கட்டணும். ஆளு கடுப்புல இருந்தா, ஒரு டீயைக் குடிச்சிட்டு மெதுவாக் கேக்கணும்.

ஷாஸியா: இருங்க, இருங்க... டைம்-அவுட்டு, பதிலே வரலேன்னா மறுபடி கேளு. பாதியில அறுந்தா விட்ட எடத்துலேர்ந்து இறக்கு. நானூத்தி இருபத்தொம்பதாம் நம்பர் எரர்னா...

சஃபீர்: அது என்ன?

ஷாஸியா: ‘ரொம்ப நச்சரிக்கிறே’ன்னு அர்த்தம்.

சஃபீர்: பாத்தியா, கடுப்பு!

ஷாஸியா: அதுக்கு அரை நிமிசம் விட்டுக் கேக்கச் சொல்லிட்டேன்... ஓடுதுண்ணே! நாப்பது... அறுவது...

சஃபீர்: விடாதே. கரண்டு போனாலும் கடை இன்வெர்ட்டர் இருக்கு.

ஷாஸியா: நூத்தித் தொண்ணூறு... மணி என்ன?

சஃபீர்: அஞ்சே முக்கால். வெரசா!

ஷாஸியா: இருநூத்திப் பதிமூணு வந்திருச்சு. ஒண்ணு மட்டும் மாட்டேங்குது.

சஃபீர்: போனாப் போகுது, விடு.

ஷாஸியா: ஒண்ணைக்கூட விட மாட்டேன். நானூத்திப் பத்துன்னு வருது.

சஃபீர்: நெட்டு கோளாறா?

ஷாஸியா: இல்ல. ‘இருந்துச்சு, எடுத்துட்டாங்க’ன்னு அர்த்தம். அத்தா உங்களுக்குப் போட்ட கடைசி மெசேஜ்.

சஃபீர்: போதும், மூடு அதை.

ஷாஸியா: அண்ணே?

சஃபீர்: நான்தாம்மா அழிச்சேன். கடையில பாதி உனக்குன்னு அதுல சொல்லிருந்தாரு.

ஷாஸியா: தெரியும். அதையே என் ஃபோன்லயும் பேசிப் பதிஞ்சு குடுத்துட்டுத்தான் போனாரு. உங்க வாயால வரட்டும்னு ரெண்டு வருசமா வச்சிருக்கேன். எழுதிக்கங்க. இறக்குனது இருநூத்திப் பதிமூணு, எங்கிட்ட ஒண்ணு. ஆக இருநூத்திப் பதினாலு. கணக்கு நேர்.